எந்த நிறத்துக்கு எந்தக் குறைக்கடத்தி? எல்இடி பொருள் தேர்வுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சாலைச் சந்திப்பில் வண்டியை நிறுத்திவிட்டு சிக்னல் விளக்கைப் பாருங்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை மூன்றும் இன்று எல்இடிதான். அவற்றில் சிவப்பும் மஞ்சளும் ஒரே குடும்பத்துப் பொருளில் பிறந்தவை. பச்சை மட்டும் வேறு குடும்பம். வேறு தனிமங்கள், வேறு அடித்தளம், வேறு உலை, வேறு வோல்டேஜ். ஒரே கம்பத்தில் தொங்கும் மூன்று விளக்குகளுக்குள் ஏன் இந்தப் பிரிவு?

பல பாடப் புத்தகங்களில் ஒரு சிறிய அட்டவணை இருக்கும். காலியம் ஆர்சனைடு பாஸ்பைடு என்றால் சிவப்பு, காலியம் பாஸ்பைடு என்றால் பச்சை, சிலிக்கான் கார்பைடு என்றால் நீலம். மாணவர்கள் இதை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். அந்த அட்டவணையில் எனக்கு இரண்டு வருத்தம் உண்டு. இன்று கடையில் வாங்கும் பிரகாசமான எல்இடிகளில் பெரும்பாலானவை அந்தப் பொருள்களால் ஆனவை அல்ல என்பது ஒன்று. ஏன் அந்தப் பொருள் என்ற காரணம் அங்கே இல்லை என்பது இன்னொன்று. காரணம் தெரிந்தால் அட்டவணையை நீங்களே எழுதிவிடலாம். அந்த சிக்னல் கம்பத்தையே உதாரணமாக வைத்துக்கொண்டு படிப்படியாகப் போவோம்.

படி 1: நிறத்தை எண்ணாக மாற்றுங்கள்

"சிவப்பு வேண்டும்" என்றால் பொறியாளருக்குப் போதாது. எத்தனை நானோமீட்டர் அலைநீளம் என்று சொல்ல வேண்டும். சிக்னல் விளக்குகளில் சிவப்பு சுமார் 625, மஞ்சள் சுமார் 590, பச்சை சுமார் 505 நானோமீட்டர். அந்தப் பச்சை இலைப் பச்சை அல்ல, கொஞ்சம் நீலம் கலந்த பச்சை. சிவப்பு–பச்சை நிறக்குருடு உள்ளவர்களும் வேறுபாட்டை உணர இந்த நீலச் சாயல் உதவுகிறது.

அடுத்து, அலைநீளத்தை ஆற்றலாக மாற்ற வேண்டும். 1240 என்ற எண்ணை நானோமீட்டர் அலைநீளத்தால் வகுத்தால் ஒளித்துகள் ஒன்றின் ஆற்றல் எலக்ட்ரான் வோல்ட் என்னும் மிகச் சிறிய ஆற்றல் அலகில் கிடைக்கும். 625க்கு 1.98. 590க்கு 2.10. 505க்கு 2.46. டிவி ரிமோட்டின் 940க்கு 1.32. வீட்டு வெள்ளை விளக்குக்குள் ஒளிந்திருக்கும் 450 நானோமீட்டர் நீலத்துக்கு 2.76.

எல்இடியில் எலக்ட்ரான் கடத்துப் பட்டை என்னும் மேல் ஆற்றல் மட்டத்திலிருந்து கீழே விழுந்து, இணைதிறன் பட்டை என்னும் கீழ் மட்டத்தில் உள்ள துளையோடு, அதாவது எலக்ட்ரான் இல்லாத காலி இடத்தோடு, சேர்கிறது. விழும் உயரம்தான் பட்டை இடைவெளி. அந்த உயரமே ஒளியின் ஆற்றல். ஆகவே நமக்கு வேண்டிய ஒளியாற்றலுக்குக் கிட்டத்தட்டச் சமமான பட்டை இடைவெளி உள்ள பொருளைத் தேட வேண்டும்.

கையில் உள்ள பட்டியல் இது: ஜெர்மானியம் 0.66, சிலிக்கான் 1.12, இண்டியம் பாஸ்பைடு 1.34, காலியம் ஆர்சனைடு 1.42, காலியம் பாஸ்பைடு 2.26, காலியம் நைட்ரைடு 3.4, அலுமினியம் நைட்ரைடு 6க்குச் சற்று மேல். எல்லாம் எலக்ட்ரான் வோல்ட்டில், அறை வெப்பநிலையில்.

நம் சிக்னலின் மூன்று எண்களும் இந்தப் பட்டியலில் இல்லை. இயற்கை நமக்காகச் சரியாக 2.10ல் ஒரு பொருளைச் செய்து வைக்கவில்லை. அதற்குத்தான் கலவை. ஆனால் கலப்பதற்கு முன்னால் இந்தப் பட்டியலைச் சலித்தாக வேண்டும்.

படி 2: நேரடியா, மறைமுகமா?

சிலிக்கானை எவ்வளவு மலிவாகவும் தூய்மையாகவும் செய்ய உலகம் கற்றுக்கொண்டிருக்கிறது! ஆனாலும் அதில் யாரும் எல்இடி விற்பதில்லை. அதன் இடைவெளி அகச்சிவப்பில் விழுகிறது என்பது பாதிக் காரணம்தான்.

எலக்ட்ரானுக்கு ஆற்றல் மட்டுமல்ல, படிகத்துக்குள் ஓர் உந்தமும் உண்டு. ஒளித்துகள் ஆற்றலை நிறையக் கொண்டுபோகும், உந்தத்தை மிகக் குறைவாகத்தான் கொண்டுபோகும். காலியம் ஆர்சனைடில் கடத்துப் பட்டையின் அடிப்புள்ளியும் இணைதிறன் பட்டையின் உச்சிப்புள்ளியும் ஒரே உந்தத்தில் நேருக்கு நேர் நிற்கின்றன. எலக்ட்ரான் நேராக விழுகிறது, ஒளி வருகிறது. இது நேரடி இடைவெளி. சிலிக்கானில் அந்த இரண்டு புள்ளிகளும் தள்ளித் தள்ளி இருக்கின்றன. விழ வேண்டுமானால் படிகத்தின் அதிர்வு ஒன்று உடன் சேர்ந்து உந்தத்தை ஈடுகட்ட வேண்டும். அந்த மூன்றாவது ஆள் வந்து சேர்வதற்குள் எலக்ட்ரான் ஏதாவது ஒரு குறைபாட்டில் மாட்டி, ஆற்றலை வெப்பமாகக் கொட்டிவிடும்.

அதனால் இரண்டாவது சல்லடை இது. ஜெர்மானியம், சிலிக்கான், காலியம் பாஸ்பைடு, அலுமினியம் ஆர்சனைடு, சிலிக்கான் கார்பைடு எல்லாம் மறைமுகம், தள்ளிவையுங்கள். காலியம் ஆர்சனைடு, இண்டியம் பாஸ்பைடு, காலியம் நைட்ரைடு, இண்டியம் நைட்ரைடு, அலுமினியம் நைட்ரைடு, துத்தநாக செலினைடு ஆகியவை நேரடி. இவை அடுத்த சுற்றுக்குப் போகும்.

அப்படியானால் பாடப்புத்தக அட்டவணையில் காலியம் பாஸ்பைடு எப்படி வந்தது? அதற்கு ஒரு குறுக்கு வழி இருந்தது. காலியம் பாஸ்பைடில் பாஸ்பரஸ் இடத்தில் அங்கங்கே நைட்ரஜன் அணுவை வைத்தால், அது எலக்ட்ரானை ஒரு மிகச் சிறிய இடத்தில் கட்டிப்போடும். இடம் சுருங்கினால் உந்தம் பரவும். இது குவாண்டம் விதி. பரவிய உந்தத்தில் ஒரு பங்கு நேராக விழ வாய்ப்புக் கிடைக்கும். அந்த வழியில்தான் சுமார் 565 நானோமீட்டரில் மஞ்சள் கலந்த பச்சை கிடைத்தது. 1972ல் மான்சான்டோ நிறுவனத்தில் ஜார்ஜ் கிராஃபோர்டு செய்த மஞ்சள் எல்இடியும் இதே நைட்ரஜன் வித்தையில் பிறந்ததுதான். பழைய ரேடியோ, ஸ்டெபிலைசர் முன்பக்கத்தில் மங்கலாக எரிந்த அந்தப் பச்சைப் புள்ளி நினைவிருக்கிறதா? அதுதான் இது. ஒரு கருவி இயங்குகிறது என்று காட்ட அது போதும். தெருவில் வெயிலுக்கு எதிரே எரிய அது போதாது.

சிலிக்கான் கார்பைடு நீலமும் அப்படியே. 1989ல் கிரீ நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நிறம் நீலம்தான், ஆனால் மின்னாற்றலில் நூற்றில் ஒரு பங்குகூட ஒளியாகவில்லை.

படி 3: கலந்து நிறத்தைப் பிடியுங்கள்

இரண்டு குறைக்கடத்திகளை ஒரே படிகமாகக் கலந்தால் இடைவெளி இரண்டுக்கும் நடுவில் எங்கோ வந்து நிற்கும். எங்கே நிற்கும் என்பதை விகிதம் தீர்மானிக்கும். 1962ல் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் நிக் ஹோலோனியாக் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்இடியைச் செய்தபோது காலியம் ஆர்சனைடோடு காலியம் பாஸ்பைடைக் கலந்துதான் செய்தார்.

ஒரு கணக்கைச் செய்து பார்ப்போம். காலியம் ஆர்சனைடில் அலுமினியத்தைச் சேர்க்கிறோம். அலுமினியத்தின் பங்கை 0 முதல் 1 வரை ஓர் எண்ணாக எடுத்துக்கொண்டால், இடைவெளி சுமார் 1.424 கூட்டல் 1.247 பெருக்கல் அந்தப் பங்கு. செடி வளர்க்கும் விளக்குக்கு 660 நானோமீட்டர் ஆழ்சிவப்பு வேண்டும் என்று வையுங்கள். 1240ஐ 660ஆல் வகுத்தால் 1.88. அதில் 1.424ஐக் கழித்து 1.247ஆல் வகுத்தால் 0.365. அதாவது நூறு காலியம் இடங்களில் 36, 37 இடங்களில் அலுமினியம்.

சரி, இதையே இன்னும் நீட்டி 590 மஞ்சளுக்குப் போகலாமே? கணக்கு 0.54 என்று விடை தருகிறது. ஆனால் 0.45ஐத் தாண்டியதுமே இந்தக் கலவை மறைமுகமாகிவிடுகிறது. அந்தச் சூத்திரமும் அத்தோடு செல்லாது. 0.45 என்பது சுமார் 625 நானோமீட்டர். அந்த எல்லைக்கு அருகே போகப் போகவே ஒளி சரியத் தொடங்கும். போதாததற்கு, அலுமினியம் கூடினால் ஈரக்காற்றில் படிகம் ஆக்சிஜனேற்றம் அடையும். கடலோர ஊர் ஒன்றில் வெளியில் மாட்டும் விளக்குக்கு அது ஏற்றதல்ல.

ஆக, காலியம் அலுமினியம் ஆர்சனைடு 660 வரைக்கும் நல்ல பொருள். நம் சிக்னலின் சிவப்பிலேயே அது மூச்சுத் திணறும், மஞ்சளில் நின்றுவிடும்.

படி 4: எந்தத் தரையில் கட்டப் போகிறீர்கள்?

பொருள் தேர்வில் உண்மையான தீர்ப்பு இந்தப் படியில்தான் எழுதப்படுகிறது. இடைவெளி சரியாக இருக்கும் கலவைகளைக் காகிதத்தில் பத்துப் பன்னிரண்டு எழுதிவிடலாம். அவற்றில் எது எரியும் என்பதை அடியில் இருக்கும் படிகம் சொல்லும்.

எல்இடியின் ஒளிரும் அடுக்கு சில நானோமீட்டர் தடிமன்தான். அதைத் தனியாகச் செய்ய முடியாது. ஏற்கெனவே பெரிதாக வளர்த்து, அறுத்து, மெருகேற்றி வைத்த ஒரு படிக வில்லையின் மேல் அணு அடுக்குகளாக வளர்க்க வேண்டும். மேலே வளரும் படிகத்தின் அணு இடைவெளியும் கீழே உள்ளதின் அணு இடைவெளியும் பொருந்தினால் வரிசை கலையாமல் எழும்பும். பொருந்தாவிட்டால், தறியில் இழை விட்டுப்போன மாதிரி அணு வரிசைகள் அறுபட்டு நிற்கும். இவற்றை இடப்பெயர்ச்சிக் குறைபாடுகள் என்பார்கள். எலக்ட்ரான் அங்கே விழுந்தால் ஒளி கிடையாது, சூடுதான்.

எண்களைப் பாருங்கள். அணிக்கோவை மாறிலி, அதாவது படிகத்தில் அணு அமைப்பு திரும்பத் திரும்ப வரும் நீளம், ஆங்ஸ்ட்ராமில் (நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு): காலியம் ஆர்சனைடு 5.653, அலுமினியம் ஆர்சனைடு 5.661, காலியம் பாஸ்பைடு 5.451, இண்டியம் பாஸ்பைடு 5.869. காலியத்தின் இடத்தில் அலுமினியத்தை வைத்தால் அளவு அசைவதே இல்லை. அதனால்தான் காலியம் அலுமினியம் ஆர்சனைடு அவ்வளவு சுத்தமாக வளர்கிறது. ஆர்சனிக் இடத்தில் பாஸ்பரஸை வைத்தால் அணிக்கோவை சுருங்குகிறது. ஹோலோனியாக்கின் கலவை மங்கலாகவே இருந்துவிட்டதற்கு இது ஒரு பெரிய காரணம்.

இங்கேதான் ஓர் அழகான யோசனை வந்தது. காலியம் பாஸ்பைடு சிறியது, இண்டியம் பாஸ்பைடு பெரியது. இரண்டையும் ஏறக்குறைய பாதிக்குப் பாதி கலந்தால் அளவு 5.65க்கு வந்து நிற்கிறது. காலியம் ஆர்சனைடு வில்லையின் மேல் அது கச்சிதமாக உட்காருகிறது! அப்போது இடைவெளி சுமார் 1.91, அதாவது 650 நானோமீட்டர் சிவப்பு. இப்போது இண்டியத்தைத் தொடாமல் காலியத்தில் ஒரு பங்கை மட்டும் அலுமினியமாக மாற்றுங்கள். அலுமினியமும் காலியமும் கிட்டத்தட்ட ஒரே அளவு என்பதால் அணிக்கோவை அசையாது, இடைவெளி மட்டும் ஏறும். அளவை இண்டியம் பிடித்துக்கொள்கிறது, நிறத்தை அலுமினியம் திருகுகிறது. இரண்டு திருகுகளும் தனித்தனியே வேலை செய்கின்றன. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இதுதான்.

இந்த அலுமினியம் காலியம் இண்டியம் பாஸ்பைடுக்குக் கணக்கு: 1.91 கூட்டல் 0.61 பெருக்கல் அலுமினியப் பங்கு. சிவப்பு 625க்குப் பங்கு சுமார் 0.12. மஞ்சள் 590க்கு சுமார் 0.31. சிக்னலின் இரண்டு விளக்குகள் கைக்கு வந்துவிட்டன. குவாண்டம் கிணறு என்னும் மெல்லிய அடுக்காகச் செய்யும்போது ஆற்றல் இன்னும் கொஞ்சம் ஏறும் என்பதால் உண்மை விகிதம் சற்று மாறும். தொடங்குவதற்கு இந்தக் கணக்கு போதும்.

பச்சைக்கும் இதையே நீட்டலாமா? பங்கு 0.53 அளவில், அதாவது சுமார் 555 நானோமீட்டரில், இதுவும் மறைமுகமாகிவிடுகிறது. 505க்குப் போக வழியே இல்லை. சிக்னல் கம்பத்தில் குடும்பம் பிரியும் இடம் இதுதான்.

படி 5: நைட்ரைடு பக்கம் போவதற்கு முன் ஒரு கதை

பச்சையும் நீலமும் வேண்டும், நேரடி இடைவெளி வேண்டும், பொருந்தும் தரையும் வேண்டும். 1980களில் இந்த மூன்றையும் வைத்து நீங்கள் தேர்ந்தெடுத்திருந்தால் துத்தநாக செலினைடைத்தான் எடுத்திருப்பீர்கள். இடைவெளி 2.7, நேரடி. அணிக்கோவை 5.668, காலியம் ஆர்சனைடின் 5.653க்கு மிக நெருக்கம். உலகின் பெரும்பாலான ஆய்வுக்குழுக்கள் அதைத்தான் எடுத்தன. 1991ல் 3எம் நிறுவனம் அதில் நீலப்பச்சை லேசரையே காட்டியது.

எதிர்ப்பக்கம் காலியம் நைட்ரைடு. அதற்கென்று சொந்த வில்லை கிடைக்கவில்லை. கிடைத்த நீலக்கல் (சஃபயர்) வில்லையோடு அணு இடைவெளி சுமார் 16 சதவீதம் பொருந்தவில்லை. ஒரு சதுர சென்டிமீட்டரில் பத்துக் கோடி முதல் நூறு கோடி வரை இடப்பெயர்ச்சிகள். காலியம் ஆர்சனைடு எல்இடியில் அவ்வளவு குறைபாடு இருந்தால் அது எரியவே எரியாது. அதோடு அதை பி வகையாக மாசூட்டவும், அதாவது வேற்றணுக்களைச் சேர்த்துத் துளைகள் நிறைந்ததாக ஆக்கவும், யாராலும் முடியவில்லை. துளையே இல்லையென்றால் எலக்ட்ரான் எங்கே போய் விழும்?

நகோயா பல்கலைக்கழகத்தில் இசாமு அகசாகியும் அவருடைய மாணவர் ஹிரோஷி அமானோவும் விடவில்லை. 1986ல் நீலக்கல்லின் மேல் முதலில் குறைந்த வெப்பத்தில் அலுமினியம் நைட்ரைடின் மெல்லிய மெத்தை ஒன்றை இட்டு, அதன் மேல் காலியம் நைட்ரைடை வளர்த்தார்கள். படிகம் தெளிவாக வந்தது. 1989ல் மெக்னீசியம் சேர்த்த படிகத்தின் மேல் எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சியபோது அது பி வகையானது. ஏன் ஆனது என்ற கேள்விக்கு 1992ல் நிச்சியா நிறுவனத்தில் ஷூஜி நாகமுராவின் குழு விடை கண்டது. வளர்க்கும்போது அம்மோனியாவிலிருந்து வரும் ஹைட்ரஜன் மெக்னீசியத்தோடு ஒட்டிக்கொண்டு அதைச் செயலிழக்க வைக்கிறது. நைட்ரஜன் சூழலில் சுமார் 700 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கினால் ஹைட்ரஜன் வெளியேறிவிடும். கற்றை தேவையில்லை, அடுப்பு போதும். 1993ல் பிரகாசமான நீல எல்இடியை நிச்சியா அறிவித்தது. 2014ல் மூவருக்கும் இயற்பியல் நோபல்.

துத்தநாக செலினைடு ஏன் தோற்றது? அதன் பிணைப்புகள் மென்மையானவை. மின்சாரம் பாயப் பாயக் குறைபாடுகள் பெருகி, எரியும் விளக்கு தானே தன்னைத் தின்றுவிட்டது. காலியம் நைட்ரைடின் பிணைப்பு மிக உறுதியானது. குறைபாடுகள் ஏராளம், ஆனால் இருக்கும் இடத்திலேயே இருக்கும். மேலும் இண்டியம் கலந்த அடுக்கில் எலக்ட்ரான்கள் அந்தக் குறைபாடுகள் வரை நடந்து போவதற்கு முன்பே ஓரிடத்தில் தங்கி ஒளிர்ந்துவிடுகின்றன.

ஆகவே தரை பொருந்துகிறதா என்று கேட்கும்போது இன்னும் இரண்டு கேள்விகளைச் சேர்த்தே கேளுங்கள்: பிணைப்பு உறுதியா, பி வகையாக்க முடியுமா? இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்காததால் ஒரு தலைமுறை ஆய்வாளர்களில் பலர் தவறான பொருளில் உழைத்தார்கள்.

படி 6: நீலத்திலிருந்து பச்சைக்கு ஏறும்போது

நைட்ரைடு குடும்பத்தில் நிறத்தைத் திருகுவது இண்டியம். காலியம் நைட்ரைடு 3.4, இண்டியம் நைட்ரைடு சுமார் 0.7. கோட்பாட்டில் புற ஊதா முதல் அகச்சிவப்பு வரை எல்லாமே இதில் அடங்கும். 450 நீலத்துக்கு இண்டியம் சுமார் 15 சதவீதம். 525 பச்சைக்கு 25 சதவீதத்துக்கும் மேல். நம் 505 சிக்னல் பச்சை இரண்டுக்கும் நடுவில்.

நடைமுறையில் இண்டியத்தைக் கூட்டக் கூட்டச் சிக்கல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். காலியம் நைட்ரைடு 1000 டிகிரிக்கு மேல் நன்றாக வளரும். இண்டியம் அந்தச் சூட்டில் ஒட்டாமல் பறந்துவிடும். அதனால் 700, 800 டிகிரிக்கு இறக்க வேண்டும், இறக்கினால் படிகத்தின் தரம் குறையும். அடுத்தது அளவு. இண்டியம் நைட்ரைடின் அணிக்கோவை காலியம் நைட்ரைடை விடச் சுமார் 11 சதவீதம் பெரியது. இண்டியம் கூடினால் அடுக்கு இறுக்கத்தில் மாட்டிக்கொள்ளும்.

அப்புறம் இந்தப் படிகத்துக்கே உரிய ஒரு குணம். நைட்ரைடு படிகத்தை அழுத்தினால் உள்ளே ஒரு மின்புலம் எழும். இரண்டு மூன்று நானோமீட்டர் அகலமே உள்ள குவாண்டம் கிணற்றில் அந்தப் புலம் எலக்ட்ரானை ஒரு சுவரோரமும் துளையை எதிர்ச்சுவரோரமும் தள்ளிவிடும். இருவரும் சந்தித்தால்தானே ஒளி? மின்னோட்டத்தைக் கூட்டினால் அந்தப் புலம் ஓரளவு மறைக்கப்பட்டு நிறம் நீலத்தை நோக்கி நகரும். பச்சை எல்இடியின் மின்னோட்டத்தை மாற்றிப் பார்த்தால் இந்தச் சாயல் மாற்றத்தைச் சில சமயம் கண்ணாலேயே பார்க்கலாம். அதனால் பச்சையின் பிரகாசத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டுமானால் மின்னோட்டத்தைக் குறைக்காதீர்கள். அதே மின்னோட்டத்தில் வேகமாக அணைத்து ஏற்றுங்கள்.

நீலப் பக்கத்திலிருந்து நைட்ரைடு தளர்ந்து வருகிறது, சிவப்புப் பக்கத்திலிருந்து பாஸ்பைடு தளர்ந்து வருகிறது. நடுவில் 540 முதல் 580 வரை இரண்டுமே பலவீனம். இதைப் பச்சை இடைவெளி என்கிறார்கள். கொடுமை என்னவென்றால், மனிதக் கண் மிகக் கூர்மையாகப் பார்க்கும் இடம் 555 நானோமீட்டர். நமக்கு அதிகம் தேவையான இடத்தில்தான் பொருள் இல்லை. அந்தப் பகுதியில் நிறைய ஒளி வேண்டுமென்றால் நான் பரிந்துரைப்பது, நீல எல்இடியின் மேல் பாஸ்பர் (ஒரு நிற ஒளியை வாங்கி வேறு நிறத்தில் உமிழும் பொருள்) பூசி நிறத்தை மாற்றிக்கொள்வதே. பச்சை சிக்னலுக்கு 505 என்பது அந்தப் பள்ளத்துக்கு இந்தப் பக்கமே இருப்பதால் நைட்ரைடே போதும்.

படி 7: மற்ற நிறங்கள்

அகச்சிவப்பு சுலபம். 850 நானோமீட்டருக்குக் காலியம் ஆர்சனைடோடு சிறிது அலுமினியம். 940க்குச் சிறிது இண்டியம் சேர்த்த கிணறு, அல்லது சிலிக்கான் மாசூட்டிய காலியம் ஆர்சனைடு. கண்காணிப்புக் கேமராவில் 850 போட்டால் இரவில் மங்கலான சிவப்புப் புள்ளி தெரியும். அது தெரியக் கூடாது என்றால் 940.

சிவப்பில் ஒரு தேர்வு உண்டு. 660ஐயும் 625ஐயும் ஒரே அளவு ஒளியாற்றலோடு எரித்தால் 625 கண்ணுக்குச் சுமார் ஐந்து மடங்கு பிரகாசமாகத் தெரியும். மனிதர் பார்க்க 625, செடி வளர்க்க 660.

வெள்ளைக்கென்று தனிக் குறைக்கடத்தி கிடையாது. 450 நீல எல்இடியின் மேல் சீரியம் சேர்த்த இட்ரியம் அலுமினியம் கார்னெட் என்னும் மஞ்சள் பாஸ்பர். நீலத்தின் ஒரு பங்கு மஞ்சளாகி, மீதி நீலத்தோடு சேர்ந்து வெள்ளையாகத் தெரிகிறது. 1996 முதல் சந்தையில் இருக்கிறது.

புற ஊதாவில் 365 முதல் 395 வரை நைட்ரைடே எளிதாகச் செய்யும். கிருமி கொல்லும் 265 முதல் 280 வரைக்கு அலுமினியம் காலியம் நைட்ரைடு வேண்டும். அங்கே அலுமினியம் கூடக் கூட மெக்னீசியம் துளைகளைத் தர மறுக்கிறது. மேலே இடும் பி வகைக் காலியம் நைட்ரைடு அந்த ஒளியைத் தானே விழுங்குகிறது. திறன் இன்னும் நீலத்துக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. வாங்கும்போது உறை சாதாரண எபாக்சியா, குவார்ட்ஸ் சன்னலா என்று கேளுங்கள். எபாக்சி இந்த ஒளியில் மஞ்சளித்துவிடும். இதைக் கண்ணாலோ வெறும் தோலாலோ சோதிக்கவே கூடாது.

படி 8: பிறந்த ஒளி வெளியே வருமா?

காலியம் ஆர்சனைடு வகைப் படிகங்களின் ஒளிவிலகல் எண் சுமார் 3.5. உள்ளிருந்து மேற்பரப்பைத் தொடும் ஒளி செங்குத்திலிருந்து 17 டிகிரிக்குள் வந்தால்தான் காற்றுக்குத் தப்பும். மீதி உள்ளேயே திரும்பும். தட்டையான ஒரு முகத்தின் வழியே சுமார் 2 சதவீதம்தான் வெளியேறும். காலியம் நைட்ரைடின் விலகல் எண் 2.4 அளவில் என்பதால் அது கொஞ்சம் பரவாயில்லை, சுமார் 4 சதவீதம்.

இங்கே தரை மறுபடியும் பேசுகிறது. சிவப்பு, மஞ்சள் எல்இடிகளின் தரையான காலியம் ஆர்சனைடின் இடைவெளி 1.42 மட்டுமே. அதைவிட ஆற்றல் கூடிய சிவப்பு ஒளி கீழே போனால் அது அப்படியே விழுங்கிவிடும். வளர்வதற்கு மிகவும் உதவிய தரை, எரியும்போது எதிரி. 1990களில் ஹியூலட்-பேக்கர்ட் ஆய்வாளர்கள் அந்தத் தரையைக் கரைத்து எடுத்துவிட்டு, சிவப்பை விழுங்காத காலியம் பாஸ்பைடை ஒட்டினார்கள். இல்லையென்றால் நடுவில் கண்ணாடி போல் பிரதிபலிக்கும் அடுக்குகளை வளர்க்க வேண்டும். நீலக்கல் ஒளிபுகும் பொருள் என்பதால் நைட்ரைடுக்கு இந்தத் தொல்லை இல்லை.

படி 9: வெயிலில் நிறுத்திப் பாருங்கள்

சித்திரை வெயிலில் சிக்னல் பெட்டிக்குள் என்ன சூடு இருக்கும் என்று யோசியுங்கள். நைட்ரைடு பச்சை அதை ஓரளவு தாங்கும். பாஸ்பைடு மஞ்சள் தாங்காது. 590ல் எலக்ட்ரான்களைக் கிணற்றுக்குள் பிடித்துவைக்கும் சுவர் குட்டையானது. சூடு ஏறினால் அவை சுவரைத் தாண்டி ஓடிவிடும். பெட்டி கொதிக்கும்போது ஒளி பாதியளவுக்குக்கூட இறங்கலாம். நிறமும் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.1 நானோமீட்டர் சிவப்பை நோக்கி நகரும். அதனால் மூன்று விளக்குகளில் மஞ்சளுக்குத்தான் பெரிய வெப்பத் தகடும், கணக்கில் கூடுதல் ஒளியும் ஒதுக்க வேண்டும். விவரத்தாளில் 25 டிகிரியில் எழுதிய எண்ணை மட்டும் பார்த்து மஞ்சள் எல்இடி வாங்குவது பெரிய தவறு. 85 டிகிரியில் என்ன தருகிறது என்ற வரைபடத்தைத் தேடிப் பாருங்கள்.

படி 10: கையில் உள்ளது எந்தக் குடும்பம்?

வாங்கி வந்த எல்இடியின் பொருளை மேசையிலேயே கண்டுபிடிக்கலாம். 20 மில்லியாம்பியர் அளவு ஓடவிட்டு இரு முனைகளுக்கு இடையிலான வோல்டேஜை அளந்து பாருங்கள். அகச்சிவப்பு 1.2 முதல் 1.5. பாஸ்பைடு சிவப்பு, மஞ்சள் 1.8 முதல் 2.2. நைட்ரைடு பச்சை, நீலம், வெள்ளை சுமார் 3 முதல் 3.4. படி 1ல் கணக்கிட்ட ஒளித்துகள் ஆற்றல் இங்கே வோல்டேஜாக வந்து நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் மகிழ்ச்சிதான். கல்லூரி ஆய்வகத்தில் பல நிற எல்இடிகளை வைத்து பிளாங்க் மாறிலியைக் கண்டுபிடிக்கும் சோதனை இதே உறவின் மேல்தான் நிற்கிறது.

பச்சையில்தான் இந்த அளவீடு மிகவும் பயன்படும். 2.1 வோல்ட் அருகே காட்டி மஞ்சள் கலந்து மங்கலாக எரிந்தால் அது பழைய காலியம் பாஸ்பைடு. 3 வோல்ட் அருகே காட்டி கண்ணைக் கூசினால் அது இண்டியம் காலியம் நைட்ரைடு. பழுதான கருவியில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போடும்போது மின்தடையையும் மாற்றுங்கள். 5 வோல்ட்டில் 20 மில்லியாம்பியருக்கு, 2 வோல்ட் எல்இடி என்றால் 150 ஓம். 3.2 வோல்ட் என்றால் 90 ஓம் வரும், கடையில் கிடைக்கும் 100 ஓம் போடலாம். நீலக்கல் மேல் வளர்த்த நைட்ரைடு எல்இடிகளை நிலைமின்சாரம் எளிதில் கெடுத்துவிடும். தொடுவதற்கு முன் தரையிணைப்பு உள்ள உலோகம் ஒன்றைத் தொட்டுவிட்டுத் தொடுங்கள்.